ட்ரோன் சர்வே பிசினஸ்: முதல் ஃப்ளைட்டை பேப்பர்ல பறக்க விடுங்க, அப்புறம் லோன் பேப்பர்ல கையெழுத்து போடுங்க



"சர்வே ட்ரோன் ஒண்ணு வாங்கி சனி, ஞாயிறு மட்டும் மேப்பிங் பண்ணா மாசம் அம்பதாயிரம் எக்ஸ்ட்ரா வருமாமே, பர்சனல் லோன் போடலாமா?"

கொஞ்ச நாளா இந்தக் கேள்வி வேற வேற வடிவத்துல வந்துட்டே இருக்கு. கேட்கிறவங்க பெரும்பாலும் 24-ல இருந்து 30 வயசுக்குள்ள, மாசச் சம்பளக்காரங்க. சேமிப்பு ரெண்டு லட்சம் இருக்கும், மீதிக்கு லோன். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்.

ட்ரோன் சர்வே நல்ல தொழில்தான். ஆனா லோன் போட்டு ட்ரோன் வாங்குறது அந்தத் தொழிலோட முதல் படி இல்லை, அஞ்சாவது படி. முதல் படி, ஒரு நிஜமான இடத்தை எடுத்துக்கிட்டு அதுக்கான மேப்பிங் ஃப்ளைட்டை முழுசா பேப்பர்ல பிளான் பண்றது. அதுக்கு ஒரு லேப்டாப்பும் ரெண்டு சனிக்கிழமையும் போதும், காசு செலவே இல்லை. அந்த பிளானை முடிச்சிட்டீங்கன்னா வாங்கணுமா, வாடகைக்கு எடுக்கணுமா, விட்டுடணுமான்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

நான் சிஏ, சர்வேயர் இல்லை. இந்தத் தொழில் பண்ற ரெண்டு கிளையன்ட்டோட கணக்கைப் பார்க்கிறேன், அவங்களோட சைட்டுக்கும் போயிருக்கேன். அந்த அனுபவத்துல இருந்துதான் இதை எழுதறேன்.

கஸ்டமர் காசு கொடுக்கிறது ஃபோட்டோவுக்கு இல்லை

கல்யாண வீடியோ எடுக்கிற ட்ரோனும் சர்வே ட்ரோனும் மேல இருந்து பார்த்தா ஒண்ணு மாதிரி தெரியும். தொழில் வேற. பில்டருக்கு வேண்டியது நிலத்தோட மேடு பள்ளம்: எங்க வெட்டணும், எங்க நிரப்பணும். குவாரிக்காரருக்கு வேண்டியது குவியல்ல எவ்வளவு கன மீட்டர் இருக்குங்கிற கணக்கு. அந்த நம்பரை நம்பி அவங்க காசை இறக்குவாங்க.

ஒரு சின்ன கணக்கு. 10 ஏக்கர் இடம்னா சுமார் 40,000 சதுர மீட்டர். உங்க மேப்ல உயரம் 30 சென்டிமீட்டர் தப்பா இருந்தா, 40,000-ஐ 0.3-ஆல பெருக்குங்க: 12,000 கன மீட்டர் மண். 3 யூனிட் ஏத்துற டிப்பர்ல அது சுமார் 1,400 லோடு! ஃபோட்டோ எவ்வளவு அழகா இருந்தாலும் அந்த 1,400 லோடுக்கு யார் பதில் சொல்றது?

இன்னொரு விஷயத்தையும் ஆரம்பத்துலயே கஸ்டமர்கிட்ட சொல்லிடணும். நீங்க எடுக்கிற ட்ரோன் மேப், பட்டா எல்லையை முடிவு பண்ணாது. எல்லைத் தகராறுன்னா எஃப்எம்பி வரைபடம், தாலுகா ஆபீஸ் சர்வேயர் அளந்து காட்டுற கல், இதுதான் வழி. "பக்கத்து நிலத்துக்காரன் ரெண்டு அடி உள்ள வந்துட்டான், ட்ரோன் விட்டு நிரூபிச்சுக் கொடுங்க"ன்னு வர்ற வேலையை முதல் வருஷம் தொடாதீங்க.

பேப்பர் ஃப்ளைட்: ஆறு கேள்வி

உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு 10 ஏக்கர் இடத்தைத் தேர்ந்தெடுங்க. மிஷன் பிளானர் அல்லது கியூகிரவுண்ட்கண்ட்ரோல் ரெண்டுமே இலவசம். ட்ரோன் இல்லாமலேயே மேப்ல இடத்தைக் குறிச்சு சர்வே பாதை போட்டுப் பார்க்கலாம். இப்போ இந்த ஆறு கேள்விக்கும் பதில் எழுதுங்க.

1. அங்க பறக்கலாமா? டிஜிட்டல் ஸ்கை மேப்ல பாருங்க. பச்சை மண்டலத்துல 400 அடி, அதாவது 120 மீட்டர் வரைக்கும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. விமான நிலையத்துல இருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள்ள வர்ற பச்சைப் பகுதியில 200 அடி வரைதான். மஞ்சள்னா விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டோட அனுமதி வேணும். சிவப்புன்னா மத்திய அரசு அனுமதி. சென்னைக்காரங்க இதை முதல்ல பார்க்கணும். மீனம்பாக்கம், தாம்பரம் விமானப்படைத் தளம் ரெண்டும் சேர்ந்து தென்சென்னைப் புறநகர்ல பெரிய பகுதியைப் பிடிச்சிடும். கோயம்புத்தூர்ல சூலூர், தஞ்சாவூர்ல விமானப்படைத் தளம், அரக்கோணத்துல கடற்படைத் தளம்னு ஒவ்வொரு ஊருக்கும் ஒண்ணு இருக்கு. வீட்டு மொட்டை மாடியில டெஸ்ட் ஃப்ளைட் விடலாம்னு நினைச்சு வாங்கிட்டு, வீடே பச்சையில இல்லைன்னு அப்புறம் தெரிஞ்சுக்கறதுல என்ன லாபம்?

2. எவ்வளவு உயரத்துல பறக்கணும்? இங்கதான் கிரவுண்ட் சாம்பிளிங் டிஸ்டன்ஸ் வருது. சுருக்கினா அதுவும் ஜிஎஸ்டிதான், ஆனா நம்ம வரி ஜிஎஸ்டி இல்லை! ஃபோட்டோவோட ஒரு பிக்சல் தரையில எத்தனை சென்டிமீட்டர்ங்கிற அளவு. கணக்கு சுலபம்: சென்சார் அகலத்தை உயரத்தால பெருக்கி, லென்ஸ் ஃபோகல் லென்த்தாலயும் ஃபோட்டோ அகலத்துல உள்ள பிக்சல் எண்ணிக்கையாலயும் வகுக்கணும். 13.2 மில்லிமீட்டர் சென்சார், 8.8 மில்லிமீட்டர் லென்ஸ், 5,472 பிக்சல் அகலம் உள்ள 20 மெகாபிக்சல் கேமரான்னா, 100 மீட்டர் உயரத்துல ஒரு பிக்சல் 2.74 சென்டிமீட்டர். 60 மீட்டருக்கு இறங்கினா 1.64. தரையில கண்ட்ரோல் பாயின்ட் ஒழுங்கா வச்சா, கிடைமட்டத்துல பிக்சல் அளவுல ஒண்ணு ரெண்டு மடங்கு, உயரத்துல ரெண்டு மூணு மடங்கு வரை பிழை வரும்னு வச்சுக்கலாம். கஸ்டமர் கேட்கிற துல்லியத்துல இருந்து பின்னாடி கணக்கு போட்டு உயரத்துக்கு வாங்க.

3. எத்தனை ஃபோட்டோ? அந்தக் கேமரா 100 மீட்டர்ல இருந்து ஒரு ஃபோட்டோவுல தரையில 150-க்கு 100 மீட்டர் பிடிக்கும். ஒண்ணோட ஒண்ணு முன்பக்கம் 80 சதவீதம், பக்கவாட்டுல 70 சதவீதம் மேல விழணும். அப்போதான் சாஃப்ட்வேர் ஒரே புள்ளியைப் பல கோணத்துல பார்த்து உயரத்தைக் கண்டுபிடிக்கும். அப்படின்னா 20 மீட்டருக்கு ஒரு ஃபோட்டோ, 45 மீட்டருக்கு ஒரு வரிசை. 200-க்கு 200 மீட்டர் இடத்துக்கு சுத்தி 40 மீட்டர் ஓரம் விட்டா சுமார் 7 வரிசை, 105 ஃபோட்டோ. நொடிக்கு 5 மீட்டர் வேகத்துல ஏழரை நிமிஷம். 60 மீட்டருக்கு இறங்கினா 11 வரிசை, 260 ஃபோட்டோவுக்கு மேல, 11 நிமிஷம். ரெண்டுமே ஒரே பேட்டரியில முடிஞ்சிடும். ஆனா லேப்டாப் வேலை ரெண்டரை மடங்கு. தென்னந்தோப்பா இருந்தா ஓவர்லேப்பை இன்னும் கூட்டணும். ஓலை அசைஞ்சா சாஃப்ட்வேர் குழம்பும், ஓலைக்குக் கீழே தரையும் தெரியாது. முதல் வேலையா தோப்பை எடுத்துக்காதீங்க.

4. தரையில என்ன வைக்கணும்? சாதா ஜிபிஎஸ் மட்டும் உள்ள ட்ரோன் சொல்ற இடம் மீட்டர் கணக்குல தள்ளிப் போகலாம். அதனாலதான் கண்ட்ரோல் பாயின்ட். நாலு மூலையில நாலு, நடுவுல ஒண்ணு, குறைஞ்சது இந்த அஞ்சு. மேல இருந்து பளிச்சுன்னு தெரியுற கறுப்பு வெள்ளைப் பலகையை வச்சு, ரோவர் கருவியால அளக்கணும். இது தவிர ரெண்டு மூணு புள்ளியை அளந்து தனியா வச்சுக்கணும், சாஃப்ட்வேர்ல கொடுக்கக் கூடாது. மேப் தயாரான பிறகு அதோட ஒப்பிட்டுப் பார்க்கத்தான். எங்க பாஷையில சொன்னா அது ஆடிட். ஆர்டிகே வசதி உள்ள ட்ரோனா இருந்தா கண்ட்ரோல் பாயின்ட்டைக் குறைக்கலாம். ஆடிட் புள்ளியை மட்டும் ஒருநாளும் விடாதீங்க.

5. எந்த அளவு முறை? தமிழ்நாட்டுக்காரங்க வழுக்கி விழற இடம் இது. 78 டிகிரி தீர்க்கரேகைக்குக் கிழக்க யுடிஎம் மண்டலம் 44, மேற்க 43. சென்னை, திருச்சி, சேலம், மதுரை 44-ல வரும். கோயம்புத்தூர், ஈரோடு, திருநெல்வேலி, நாகர்கோவில் 43-ல. மதுரை வேலையோட செட்டிங்கை அப்படியே திருநெல்வேலிக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது. உயரத்துலயும் ஒரு பொறி இருக்கு. ஜிபிஎஸ் சொல்ற நீள்கோள உயரமும் கடல் மட்டத்துல இருந்து அளக்கிற உயரமும் வேற வேற. இங்க அந்த வித்தியாசம் 80 மீட்டருக்கும் மேல. மெரினாவுல நின்னு ரோவரைப் பார்த்தா உயரம் மைனஸ்ல காட்டும், பயப்படாதீங்க! கஸ்டமரோட இன்ஜினியர் எந்த உயரம் கேட்கிறார்னு எழுதி வாங்கிக்கங்க.

6. எப்போ பறக்கணும், ஏதாவது ஆச்சுன்னா என்ன பண்றது? வெயில் உச்சியில நிழல் கம்மி, காலையில காத்து கம்மி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு நேரத்தைப் பிடிக்கணும். "ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்"னு சொல்ற ஊர்ல ரெண்டு கிலோ ட்ரோன் எம்மாத்திரம்? கோயம்புத்தூர், உடுமலை, தென்காசிப் பக்கம் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் வர்ற காத்தை லேசா எடுத்துக்காதீங்க. சிக்னல் போனா ட்ரோன் தானா திரும்பி வர்ற உயரத்தை, அங்க இருக்கிற உயரமான மரம், செல்ஃபோன் டவர், மின்கம்பிக்கு மேல இருக்கிற மாதிரி முன்னாடியே செட் பண்ணணும். புறப்படுற இடம் பதிவாயிடுச்சா, திசைகாட்டியை இரும்பு ஷெட், காரு பக்கத்துல வைக்காம சரி பண்ணியாச்சா, இறக்கையில கீறல் இருக்கா, மெமரி கார்டு காலியா இருக்கா, இதெல்லாம் எழுதி வச்ச பட்டியலைப் பார்த்து டிக் அடிக்கணும். ஞாபகத்தை நம்பக் கூடாது.

இந்த ஆறுக்கும் பதில் எழுதின பிறகு, ஓபன் ட்ரோன் மேப் அமைப்பு இலவசமா கொடுக்கிற மாதிரி ஃபோட்டோ தொகுப்பை இறக்கி வெப் ஓடிஎம்-ல ஓட்டிப் பாருங்க. சில நூறு ஃபோட்டோவுக்கு 16 ஜிபி ராமாவது வேணும். வந்த மேப்பை கியூஜிஐஎஸ்-ல திறந்து கான்டூர் போடுங்க. இது போரடிச்சா தொழிலும் போரடிக்கும், ஏன்னா வேலையில பெரும்பகுதி இதுதான். பறக்கிறது ஏழரை நிமிஷம்தான்.

சட்டம்: குருவி சரக்கு வேண்டாம்

ட்ரோன் விதிகள் 2021-படி, 250 கிராமுக்கு மேல உள்ள ட்ரோனை வியாபாரத்துக்குப் பறக்க விட ரிமோட் பைலட் சான்றிதழ் கட்டாயம். வயசு 18-ல இருந்து 65-க்குள்ள, பத்தாவது பாஸ், அங்கீகாரம் உள்ள பயிற்சி நிறுவனத்துல பயிற்சி. சான்றிதழ் 10 வருஷம் செல்லும். ட்ரோனுக்கு டைப் சான்றிதழ், தனி அடையாள எண், மூணாம் தரப்பு இன்ஷூரன்ஸ் மூணும் வேணும். மீறினா அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும்.

வெளிநாட்டு ட்ரோனை முழுசாவோ, பிரிச்சோ இறக்குமதி பண்றதுக்கு 2022 பிப்ரவரி 9-ல இருந்து தடை இருக்கு. ஆராய்ச்சி, பாதுகாப்பு மாதிரி சில தேவைக்குத்தான் விலக்கு. அப்போ "பாதி விலை, பில் கிடையாது"ன்னு யாராவது காட்டுற ட்ரோன் எப்படி வந்திருக்கும்னு யோசிங்க. அடையாள எண் இல்லாத ட்ரோன் யார் மேலயாவது விழுந்தா இன்ஷூரன்ஸ் வராது. பில் இல்லாததை உங்க கணக்குல சொத்தா நான் காட்டவும் முடியாது.

ஒரு நல்ல செய்தியும் இருக்கு. 2021 பிப்ரவரி 15-ல வந்த புவியியல் தரவு வழிகாட்டுதலுக்கு அப்புறம், இந்தியர்கள் மேப் தரவு சேகரிக்க முன் அனுமதி வாங்க வேண்டிய பழைய கெடுபிடி பெருமளவு போயிடுச்சு. வானத்துக்கான விதி மட்டும் தனி, அது அப்படியே இருக்கு.

இப்போ என் ஏரியா: கணக்கு

கீழே உள்ள நம்பர் எல்லாம் எடுத்துக்காட்டு. உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கங்க, முறை இதேதான்.

ட்ரோனும் கூடுதல் பேட்டரியும் 6 லட்சம்னு வைங்க. பயிற்சி, லேப்டாப் உங்க சேமிப்புல. 6 லட்சத்துக்கு 14 சதவீத வட்டியில 36 மாச பர்சனல் லோன் போட்டா ஈஎம்ஐ சுமார் 20,500. மொத்த வட்டி மட்டும் 1.38 லட்சம். இன்ஷூரன்ஸ், ரிப்பேர், பேட்டரி மாத்த ஒதுக்குறது எல்லாம் சேர்த்து மாசம் 7,000. ஆக, ஒரு வேலை கூட வராட்டியும் மாசம் 27,500 போகும்.

ஒரு 10 ஏக்கர் வேலைக்கு 12,000 வாங்குறீங்க. ரோவர் வாடகை, உதவிக்கு ஒரு ஆள், வண்டி, சாப்பாடு 5,500. கையில நிக்கிறது 6,500. 27,500-ஐ 6,500-ஆல வகுத்தா 4.2. அதாவது மாசம் அஞ்சாவது வேலையிலதான் முதல் லாப ரூபாயைப் பார்ப்பீங்க. ஒரு வேலைக்கு சைட்டுல 8 மணி நேரம், லேப்டாப்ல 10 மணி நேரம்னா அஞ்சு வேலைக்கு 90 மணி நேரம். இருக்கிறது எட்டு வீக்எண்ட் நாள். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை. மழை நாள்ல ட்ரோனுக்கு லீவு உண்டு, ஈஎம்ஐக்குக் கிடையாது.

இப்போ வாடகை வழி. ட்ரோன், சான்றிதழ் உள்ள பைலட், ரோவர் மூணும் சேர்த்து ஒரு நாளைக்கு 6,000, வண்டிச் செலவு 2,000. 12,000-ல உங்களுக்கு நிக்கிறது 4,000. கம்மிதான். ஆனா மாசம் ரெண்டே வேலை வந்தா வாடகையில 8,000 லாபம், சொந்த ட்ரோன்ல 14,500 நஷ்டம். ரெண்டு வழியும் சமமாகிறது எங்க தெரியுமா? மாசம் 11 வேலையில. அங்க ரெண்டுலயும் 44,000. வேலையில இருந்துக்கிட்டே வீக்எண்ட்ல மட்டும் மாசம் 11 வேலை முடிக்க முடியுமா? முடியாது. அந்த அளவுக்கு ஆர்டர் வந்தா அது சைடு பிசினஸ் இல்லை, முழு நேரத் தொழில். அப்போ அந்த ஆர்டர் புத்தகத்தைக் காட்டி தொழில் கடன் வாங்கலாம், பர்சனல் லோனே தேவையில்லை.

"லோன் முடிஞ்சதும் ட்ரோன் நம்ம சொத்து தானே?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா மூணு வருஷம் பறந்த ட்ரோனை நிலம் மாதிரி நினைக்காதீங்க. பேட்டரி தேயும், புது மாடல் வரும். பழைய லேப்டாப்புக்கு என்ன விலை கிடைக்குதோ அந்தக் கண்ணோட பாருங்க.

வரி: மூணு தப்புக் கணக்கு

"பிசினஸ்ல நஷ்டம் காட்டினா சம்பளத்துல பிடிச்ச டிடிஎஸ் திரும்ப வரும்." வராது. தொழில் நஷ்டத்தை சம்பள வருமானத்துல கழிக்கவே முடியாது. ரிட்டர்னைக் கெடுவுக்குள்ள போட்டா, 8 வருஷம் வரை அடுத்து வர்ற தொழில் லாபத்துல கழிக்கலாம், அவ்வளவுதான்.

"ஈஎம்ஐ முழுசும் செலவு." இல்லை. வட்டி மட்டும்தான் செலவு. அசலுக்குப் பதிலா தேய்மானம் கிடைக்கும், பொதுவான இயந்திரத்துக்கு 15 சதவீதம். 6 லட்சத்துக்கு முதல் வருஷம் 90,000. மார்ச் கடைசியில அவசரமா வாங்கினா 180 நாளுக்குக் குறைவான பயன்பாடுன்னு பாதிதான், 45,000.

"ஐடிஆர்-1 போதும்." போதாது. தொழில் வருமானம் வந்ததும் ஐடிஆர்-3, உத்தேச வருமான முறையில போனா ஐடிஆர்-4. அதோட, சம்பளம் மட்டும் இருக்கும்போது வருஷா வருஷம் பழைய முறை, புதிய முறைன்னு மாத்திக்கலாம். தொழில் வருமானம் வந்துட்டா பழைய முறைக்குப் போயிட்டு புதிய முறைக்குத் திரும்புறது ஒரே ஒரு தடவைதான். ஹோம் லோன் வச்சிருக்கிறவங்க இதைக் கவனிங்க.

வரி ஜிஎஸ்டி பத்தி ஒரு வரி: சேவைக்கு வருஷம் 20 லட்சம் வரவு வரைக்கும் பதிவு கட்டாயமில்லை. அதுக்கு முன்னாடி உங்க வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படிங்க. வெளி வேலை கூடாதுன்னு ஒரு பத்தி இருக்கும். வீக்எண்ட் 8,000 ரூபாய்க்காக மாசச் சம்பளத்தைப் பணயம் வைக்கக் கூடாது.

அப்போ யார் இறங்கலாம்?

சிவில், சர்வே, ஜிஐஎஸ் படிச்சவங்க, கட்டுமானம், குவாரி, லேஅவுட் தொழில்ல ஆள் பழக்கம் உள்ளவங்க, இவங்களுக்கு இது உண்மையான வாய்ப்பு. ஐடி வேலையில இருந்துக்கிட்டு தரவு வேலை பிடிக்கிறவங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு. ட்ரோன் வச்சிருக்கிறவங்களுக்கு மேப் தயாரிச்சுக் கொடுக்கிற லேப்டாப் வேலை. அதுக்கு ட்ரோனே வேண்டாம், மழையும் தடையில்லை. ரீல்ஸ்ல இதைக் காட்ட மாட்டாங்க, ஏன்னா லேப்டாப் பறக்காது.

"லேட் பண்ணா வேற யாராவது முந்திடுவாங்களே" என்பதுதான் கடைசி எதிர்க்கேள்வி. முந்தட்டும். கஸ்டமர் ரெண்டாவது தடவை கூப்பிடுறது முதல்ல ட்ரோன் வாங்கினவரை இல்லை, 1,400 லோடு கணக்கு சரியா வந்தவரை.

என் விதி இதுதான், எழுதி வச்சுக்கங்க. ஒரு பேப்பர் ஃப்ளைட். ஒரு இலவச தரவுத் தொகுப்பு. அப்புறம் வாடகை ட்ரோன்ல காசு வாங்கிப் பண்ணின மூணு வேலை, மூணுலயும் ஆடிட் புள்ளி சரியா வரணும். அதுக்கு அப்புறம் பயிற்சியும் சான்றிதழும். ஆறு மாச அவசர நிதி தனியா இருந்து, ஆர்டரும் வரிசையா வந்தா, அஞ்சாவது படியா ட்ரோன்.

மேல சொன்ன கணக்கை உங்க ஊர் வாடகை, உங்க ஊர் ரேட் போட்டு எப்படிப் பண்றதுன்னு எக்ஸெல் ஷீட்டோட அடுத்த வீடியோவுல பார்க்கலாம். அதுவரைக்கும் லோன் ஆஃபர் எஸ்எம்எஸ் வந்தா, பதில் அனுப்பாம இருங்க!